முதலாம் பிறந்தநாளை நெருங்கும் குழந்தை

குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை அநேகமான வீடுகளில் பெரிய கவலை இருப்பதில்லை. தாய்ப்பால் குடிக்கிறது, கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால் நிறை ஏறுகிறது. எட்டாம், ஒன்பதாம் மாதம் வந்ததும் நிலைமை மாறுகிறது. பதிவேட்டில் மேல்நோக்கிப் போன கோடு படுத்துவிடுகிறது. சில குழந்தைகளுக்குக் கீழேயும் இறங்கிவிடுகிறது. "தவழுகிற பிள்ளை மெலியத்தானே செய்யும்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். கண்ணூறு என்று நூல் கட்டுவோரும் உண்டு.

இந்த மெலிவு இயல்பானது அல்ல, கண்ணூறும் அல்ல. இதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை நாமே மாற்றலாம். 2016 இல் இலங்கை முழுவதும் நடந்த குடிசன, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களாகவும், நூற்றுக்கு 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்களாகவும் காணப்பட்டனர். இக்குறைவு பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான் வேர்விடுகிறது. அந்தக் காலத்தில் இழந்த உயரத்தைப் பின்னர் எவ்வளவு சாப்பாடு கொடுத்தும் முழுதாக மீட்பது கடினம். பயிருக்கு முளைப் பருவத்தில் தண்ணீர் தப்பினால் கதிர் வரும்போது பாய்ச்சி என்ன பயன்?

ஏன் இந்த வயதில்?

முதலாவது காரணம், குழந்தையின் தேவை கூடுகிறது. பிறக்கும்போது 3 கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோவாக வேண்டும். இந்த வளர்ச்சிக்குத் தாய்ப்பால் மட்டும் போதாது. தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்துச் சேமிப்பும் ஆறாம் மாதமளவில் தீர்ந்துவிடும். அதன்பின் சாப்பாட்டிலிருந்து கிடைக்காவிட்டால் பிள்ளை வெளிறி, சாப்பாட்டில் விருப்பமின்றி, சோர்ந்துபோகும்.

இரண்டாவது, குழந்தையின் வயிறு சிறியது. 8 கிலோ நிறையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு தடவையில் ஏறக்குறைய 240 மில்லிலீற்றர்தான் கொள்ளும். அதற்குள் தண்ணீர்க் கஞ்சியை ஊற்றினால் வயிறு நிரம்பும், பிள்ளை நித்திரையும் கொள்ளும். ஆனால் உடம்பில் ஒட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, பிள்ளை தவழத் தொடங்குகிறது. கைக்கு அகப்பட்டதெல்லாம் வாய்க்குள் போகும். கோழி எச்சமும் மண்ணும் கிடக்கும் தரையில் தவழ்ந்தால் வயிற்றோட்டம் வரும். ஒவ்வொரு வயிற்றோட்டமும் ஏறிய நிறையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறது.

நான்காவது காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. தாய் வேலைக்குத் திரும்பும் காலமும் இதுதான். சொந்தக் காணியில் இருந்தபோது வயலோரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே களை பிடுங்கலாம். இடம்பெயர்ந்தபின் பிறர் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகவேண்டியிருக்கிறது. போர் 2009 இல் முடிந்தும் சொந்தக் காணி கிடைக்காத குடும்பங்கள் உண்டு. வெள்ளத்தாலும் மண்சரிவாலும் வீடு இழந்தவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் இந்தப் பிரச்சினை பொது.

தடிப்பாகக் கொடுப்போம்

கரண்டியைச் சற்றுச் சரித்தால் வழிந்தோடாமல் நிற்க வேண்டும். குழந்தைச் சாப்பாட்டின் தடிப்புக்கு இதுவே அளவு. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவை சாப்பாடு, இடையில் 1 அல்லது 2 தடவை சிற்றுணவு. ஒவ்வொரு வேளையும் ஏறக்குறைய அரைக் கோப்பை. தாய்ப்பால் இரண்டு வயதுக்கு அப்பாலும் தொடரலாம்.

இதற்கென்று பெட்டியில் அடைத்த மா வாங்கவேண்டியதில்லை. வீட்டில் சமைக்கிற சோற்றை உறைப்பு, உப்புச் சேர்க்குமுன் எடுத்து மசிப்போம். அதனுடன் பருப்போ பயறோ ஒரு பங்கு, கீரை ஒரு பங்கு, மீனோ முட்டையோ ஒரு சிறு பங்கு. ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் அல்லது முதற்பால் சேர்த்தால், அளவு கூடாமலே சக்தி கூடும். முருங்கையிலை, பொன்னாங்காணி, பசளி ஆகியவற்றை நன்றாக அவித்து அரைத்துக் கொடுக்கலாம். மலிவான சூடை மீனையும் முள் நீக்கி மசித்தால் நல்ல உணவு. கோழி ஈரல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்து அதில் நிறைய உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர, சாப்பாட்டில் சிறிது தேசிக்காய்ப் புளி விடலாம். அல்லது பப்பாசிப் பழமோ கொய்யாப் பழமோ பின்னர் கொடுக்கலாம். தேத்தண்ணீர் வேண்டாம். அது இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு வயதுக்கு முன் தேனும் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிறு குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

சத்துமா செய்வதும் எளிது. அரிசி அல்லது குரக்கன் இரண்டு சுண்டு, பயறு ஒரு சுண்டு, கச்சான் அல்லது எள்ளு கால் சுண்டு. தனித்தனியே வறுத்து, இடித்து, அரித்து, ஈரமில்லாத தகரத்தில் மூடிவைக்கலாம். ஒன்றைமட்டும் கவனிக்க வேண்டும். தறப்பாள் கொட்டிலுக்குள் மழைக்காலத்தில் கச்சானும் சோளனும் எளிதில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் ஈரலைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் கச்சானைப் பொறுக்கி வீசிவிடுங்கள். முழுக் கச்சானை இந்த வயதில் கொடுக்கவே கூடாது. அது மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

பிள்ளைக்குத் தனிக் கோப்பை இருக்கட்டும். தமையனும் தமக்கையும் இருக்கும் வீட்டில் ஒரே கோப்பையில் சாப்பிட்டால், சின்னது எவ்வளவு சாப்பிட்டது என்று எவருக்கும் தெரியாது.

தாய் வேலைக்குப் போகும் நாளில்

காலை ஆறரை மணிக்குத் தாய் வெங்காயத் தோட்டத்துக்குப் புறப்படுகிறார், அம்மம்மா பிள்ளையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளை இப்படி அமைக்கலாம்.

போகுமுன் தாய்ப்பால். ஏழரைக்குப் பயறு சேர்த்த சத்துமாக் களி. பத்து மணிக்கு மசித்த வாழைப்பழம். பன்னிரண்டரைக்குச் சோறு, பருப்பு, கீரை, மீன். தாய் திரும்பியதும் தாய்ப்பால், அதன்பின் அவித்த வற்றாளங்கிழங்கு. இரவு ஏழு மணிக்குச் சொதியில் ஊறவைத்த இடியப்பமும் முட்டையும். பின்னர் இரவு முழுவதும் கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால்.

பகலுக்கென்று தாய்ப்பாலைக் கறந்தும் வைக்கலாம். கழுவிக் கொதிநீரில் அவித்த கோப்பையில் கறந்து, மூடி, கொட்டிலின் குளிர்ந்த மூலையில் வைத்து, நான்கு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கோப்பையால் பருக்கினால் போதும். பால்போத்தலின் சூப்பியைச் சுத்தமாக வைத்திருப்பது தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில் முடியாத காரியம். சமைத்த சாப்பாட்டையும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்துக் கொடுக்காதீர்கள்.

இந்த வயதில் பிள்ளை தாயை விட்டு இறங்காது. புது முகம் கண்டால் அழும். அது பிடிவாதம் அல்ல. தாய் வேறு, பிறர் வேறு என்று பிள்ளை அறிந்துகொண்டதன் அடையாளம் அது. ஆகவே இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர் என்று மாற்றாமல், ஒரே ஆளிடம் விட்டுப் போவது நல்லது. பிள்ளைக்குத் தெரியாமல் ஒளித்துப் போவதைவிட, சொல்லிவிட்டுப் போவதே மேல்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. மாலையில் அடுப்படி வேலை தாய்க்கு என்றால், பிள்ளைக்குத் தீத்தும் வேலை உங்களுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அரை மணித்தியாலம் பொறுமையாகத் தீத்தினால் பிள்ளை கூடுதலாகச் சாப்பிடும். மருந்தடித்துவிட்டு வந்தால் குளித்து உடுப்பு மாற்றியபின் தூக்குங்கள்.

தவழும் பிள்ளைக்கு ஒரு பட்டி

கொட்டில் வாழ்க்கையில் அடுப்பும் பாயும் ஒரே தரையில் இருக்கின்றன. மூன்று கல் அடுப்பு, குப்பி விளக்கு, சோடாப் போத்தலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெய், மீதியான பூச்சிமருந்து, கட்டில்லாத கிணறு. எல்லாம் தவழும் பிள்ளையின் கைக்கு எட்டும். ஒரு சாண் தண்ணீர் உள்ள வாளியில் தலைகீழாக விழுந்தாலும் இந்த வயதுப் பிள்ளைக்கு எழும்பத் தெரியாது. ஆட்டுக்குட்டிக்குப் பட்டி அடிக்கத் தெரிந்த எமக்கு, பிள்ளைக்கு ஒரு சிறு பட்டி அடிப்பது கடினமா? வழுவழுப்பான தடிகளைத் தலை நுழையாத நெருக்கத்தில் கட்டி, உள்ளே சுத்தமான பாயை விரித்தால், சமைக்கும் நேரத்தில் பிள்ளை நெருப்புக்கும் தண்ணீருக்கும் கோழி எச்சத்துக்கும் தப்பி இருக்கும்.

இரவில் நுளம்புவலையின் ஓரத்தைப் பாயின் கீழ் மடித்துச் செருகுங்கள். இலங்கையில் மலேரியா ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. ஆனால் டெங்கு போகவில்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பதால் பிள்ளையின் பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். நிலத்தில் படுப்போரை இரவில் தீண்டும் பாம்புகளையும் இந்த மடிப்புத் தடுக்கும்.

வயிற்றோட்டம் வந்தால்

தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். நிறுத்துவதால்தான் பிள்ளை மேலும் மெலிகிறது. ஒரு பொதி ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, ஒவ்வொரு தடவை போனபின்னும் கால் கோப்பை தொடக்கம் அரைக் கோப்பை வரை கரண்டியால் கொடுங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். கண் குழிவிழுதல், குடிக்க மறுத்தல், மலத்தில் இரத்தம், வலிப்பு, எழுப்ப முடியாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாமல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். சுகமானபின் இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூட்டிக் கொடுத்தால் இழந்த நிறை திரும்பும்.

பதிவேடும் ஊசியும்

ஒன்பதாம் மாதம் முடிந்ததும் சின்னமுத்து, கூகைக்கட்டு, றுபெல்லா மூன்றுக்குமான ஊசி. ஒரு வயது முடிந்ததும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. இந்தக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு நெல்வயல் தண்ணீரில் பெருகுவது. வயலோரத்தில் வாழும் நாம் இதைத் தவறவிடக் கூடாது.

இடம் மாறிய குடும்பங்கள் பல, புதிய இடத்துக் கிளினிக்கில் பதியாமலே மாதங்களைக் கடத்திவிடுகின்றன. நீங்கள் எந்த இடத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், இப்போது இருக்கும் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நாம் மருத்துவமாது என்று அழைப்பவரிடம், பிள்ளையைப் பதியலாம். பதிவேடு தொலைந்திருந்தால் அதற்காக வெட்கப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம். பழைய கிளினிக்கின் பெயரையும் பிள்ளையின் பிறந்த திகதியையும் சொன்னால், அங்கே உள்ள பதிவுகளைக் கொண்டு எழுதித்தர முயல்வார்கள். பதிவேட்டையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி, அவசரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பிறப்பை இன்னும் பதியாதவர்கள் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். மூன்று மாதம் கடந்தாலும் காலங்கடந்த பதிவு செய்ய வழி உண்டு.

கதைப்பதும் உணவுதான்

ஒன்பது மாதத்துப் பிள்ளை பிடியின்றி இருக்கும். ஒரு வயதளவில் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கும், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு பருக்கையைப் பொறுக்கும், ஓரிரு சொல் சொல்லும். சில பிள்ளைகள் ஒன்றரை வயதில்தான் நடக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளையையும், பிடித்தும் காலூன்றாத பிள்ளையையும் வைத்தியரிடம் காட்டுங்கள். விளையாட்டுச் சாமான் இல்லையே என்று கவலைப்படுவோர் இரண்டு சிரட்டையைக் கொடுத்துப் பாருங்கள். தட்டும், மூடும், ஒளிக்கும், எறியும். துணியால் முகத்தை மூடித் திறந்தால் சிரிக்கும். சாப்பாடு தீத்தும்போது காகத்தையும் ஆட்டையும் காட்டிக் கதையுங்கள். பெரியவர்கள் ஒரு கவலையில் மௌனமாக இருக்கும் வீட்டில் பிள்ளையின் பேச்சும் பிந்தும்.

பல்லுக்கொழுக்கட்டையும் பிறந்தநாளும்

முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டி, முன்னால் கொப்பியும் பேனையும் வேறு பொருட்களும் வைத்து எதை எடுக்கிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். சமயம் பாராமல் அயலவர் கூடுவார்கள். மாவும் பயறும் தேங்காயும் சர்க்கரையும் போதும். ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில் அயலவரை உறவாக்கிக்கொள்ள இது நல்ல வாய்ப்பு.

ஆனால் முதலாம் பிறந்தநாளுக்கு வட்டிக்குக் கடன் எடுத்து, பந்தல், கேக், வீடியோ என்று செலவிடும் பழக்கம் கொட்டில் வரைக்கும் வந்துவிட்டது. கடனைக் கட்டத் தாய் மேலும் இரண்டு மாதம் கூலிக்குப் போகிறார். அந்த இரண்டு மாதமும் பிள்ளையின் கோடு படுத்துக் கிடக்கிறது. படம் அழகாக வரும். பிள்ளை மெலிந்துவிடும். அந்தப் பணத்தில் சிறு பங்குக்கு இரண்டு முட்டைக் கோழி வாங்கலாம். ஒரு முருங்கைத் தடியை ஊன்றலாம், பப்பாசிக் கன்று ஒன்றை நடலாம். "இந்தக் காணியில் எவ்வளவு காலம் இருக்கப் போகிறோம்?" என்று கேட்பவர்கள் சாக்கில் மண் நிரப்பிப் பசளியும் பொன்னாங்காணியும் வைக்கட்டும். போகும்போது சாக்கோடு கொண்டுபோகலாம்.

காணி எப்போது கிடைக்கும், வீடு எப்போது கட்டி முடியும் என்பவை எமது கையில் மட்டும் இல்லாத காரியங்கள். பிள்ளையோ அதுவரை காத்திருந்து வளராது. அடுத்த கிளினிக் நாளைக் கேட்டறிந்து, பிள்ளையை நிறுக்கக் கொண்டுபோவோம். கோடு ஏறியிருந்தால் மகிழ்வோம். படுத்திருந்தால் அன்றைக்கே ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூட்டுவோம்.