வடிநீர் அருந்தத் தக்கதா?

குடிநீரைத் தேர்ந்து பருகுதல் என்பது இன்று எல்லா இல்லங்களிலும் பேசப்படும் செய்தியாகிவிட்டது. கிணற்று நீரையும் ஆற்று நீரையும் அச்சமின்றிப் பருகி வந்த நாம், இன்று நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை எண்ணாகக் கேட்டறிகிறோம். அவ்வெண் குறையக் குறைய நீர் உயர்ந்தது என்றும் கருதத் தலைப்பட்டுள்ளோம். உப்பே இல்லாத நீர்தான் சிறந்த நீர் என்றால், வடிநீரை விஞ்சிய குடிநீர் வேறொன்று இருக்க இயலாது. இக்கருத்து எந்த அளவிற்கு உண்மை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வடிநீர் என்பது யாது?

நீரைக் கொதிக்கவைத்து, எழுகின்ற ஆவியைக் குளிர்வித்துச் சேர்ப்பதே காய்ச்சி வடித்தல் ஆகும். 'வாலை வடித்தல்' என்றும் இதனைக் கூறுவர். ஆவி மேலெழும்போது கால்சியம், மக்னீசியம், சோடியம், புளோரைடு, ஆர்சனிக், ஈயம் ஆகியவை கலத்தின் அடியிலேயே தங்கிவிடுகின்றன, நோய்க்கிருமிகளும் மடிகின்றன. எனினும், நீரைவிட எளிதில் ஆவியாகும் சில வேதிப்பொருள்கள் ஆவியுடன் சென்று வடிநீரில் கலக்கக் கூடும். எனவே, வடித்துவிட்டதாலேயே நீர் முற்றிலும் தூய்மையாகிவிட்டது என்று கொள்வதற்கில்லை.

வீண் அச்சங்கள்

வடிநீர் இரத்த அணுக்களைச் சிதைக்கும் என்று அஞ்சுவோர் உளர். வடிநீரை மிகுதியாக நேரே இரத்த நாளத்தில் செலுத்தினால் அணுக்கள் நீரை ஈர்த்து வெடிக்கும் என்பது மெய்யே. ஆனால், வாய்வழி அருந்தும் நீர் இரைப்பையில் உணவோடும் செரிமான நீரோடும் கலந்த பின்னரே உடலிற் சேர்கிறது. உப்பின் சமநிலையைச் சிறுநீரகங்கள் காத்துக்கொள்கின்றன. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று வடிநீர் சிறிது அமிலத்தன்மை அடைவதும் உண்டு. நாம் விரும்பிப் பருகும் எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. கடலோடிகள் கப்பலில் கடல்நீரைக் காய்ச்சி வடித்த நீரைக் குடிநீராகப் பயன்படுத்துவது நெடுநாளைய வழக்கம். எனவே, வடிநீர் நஞ்சன்று.

இழப்பு யாது?

நஞ்சன்று என்பதால் நன்று என்றாகிவிடாது. ஒரு லிட்டரில் 75 மில்லிகிராம் கால்சியம் கொண்ட நீரை நாளொன்றுக்கு 2 லிட்டர் பருகுவோர், அந்நீரிலிருந்தே 150 மில்லிகிராம் பெறுகின்றனர். வளர்ந்த ஒருவருக்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு. ஆக, தேவையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை நீரே அளிக்கிறது. பாலும் கேழ்வரகும் கீரையும் மீனும் நிறைந்த உணவு உண்போர்க்கு இவ்விழப்பு பொருட்டன்று. மூன்று வேளையும் சோற்றையே நம்பியிருக்கும் விடுதி மாணவனுக்கும், கருவுற்ற ஏழைத் தாய்க்கும் அது பொருட்டாகலாம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2005இல் வெளியிட்ட, குடிநீரின் ஊட்டப்பொருள்கள் பற்றிய தொகுப்பிலும் இச்சிக்கல் ஆராயப்பட்டுள்ளது. குடிநீர் லிட்டருக்குக் குறைந்தது 20 மில்லிகிராம் கால்சியமும் 10 மில்லிகிராம் மக்னீசியமும் கொண்டிருத்தல் நலம் என அதிலுள்ள ஒரு கட்டுரை பரிந்துரைக்கிறது. எனினும், அந்நிறுவனம் இதனைக் கட்டாய வரையறையாக விதிக்கவில்லை.

வடிநீருக்கு மற்றோர் இயல்பும் உண்டு. தன்னிடம் உப்பில்லாத நீர், தான் தங்கும் உலோகக் குழாயையும் கலத்தையும் எளிதில் அரிக்கும். ஈயம், செம்பு போன்றவற்றைக் கரைத்துக்கொள்ளும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் உப்பு நீக்கிய நீருக்கு மீண்டும் சுண்ணாம்புச் சத்தூட்டிய பின்னரே குழாயில் விடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எங்கே தேவை?

உப்பு நீக்குதல் இன்றியமையாத இடங்களும் உள. நீரிலுள்ள மிகுதியான புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும் என்பது, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் 1937இல் கண்டறிந்து எழுதப்பட்டது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்ட மக்களும் இத்துன்பத்திற்கு ஆளாயினர். அதனைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. கொதிக்கவைப்பதால் கிருமிகள் மடியுமேயன்றிப் புளோரைடு நீங்காது. இத்தகைய ஊர்களில் வேறு நன்னீர் கிட்டாதபோது, வடித்த நீரோ ஆர்.ஓ. கருவியில் உப்பு நீக்கிய நீரோ நன்மையே தரும்.

எண்ணின் மயக்கம்

ஆனால், நல்ல ஆற்றுநீர் கிட்டும் ஊர்களிலும் இன்று இக்கருவிகள் விற்கப்படுகின்றன. விற்க வருவோர் சிலர் இரு குவளைகளில் மின்முனைகளை நாட்டிக் காட்டுவர். குழாய்நீர் செந்நிறமாகக் கலங்கும். உப்பு நீக்கிய நீர் தெளிந்தே நிற்கும். காண்போர் திகைப்பர். அந்நிறம் பெரும்பாலும் இரும்பு முனை கரைந்து எழுந்த துருவேயன்றி நீரின் அழுக்கன்று. உப்புள்ள நீரில் மின்சாரம் நன்கு பாயும்; உப்பற்ற நீரில் பாயாது. வேறுபாடு அவ்வளவே. டி.டி.எஸ். அளவியும் மின்கடத்தும் திறனைக் கொண்டே கரைந்த உப்பை மதிப்பிடுகிறது. நீரில் கிருமி உண்டா, பூச்சிக்கொல்லி உண்டா என்பதை அஃது அறியாது. 20 என்று எண் காட்டும் நீரிலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இருத்தல் கூடும்.

இந்தியத் தர அமைவனம் குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. அவ்வளவிற்குக் குறைந்த நீருக்கு ஆர்.ஓ. முறையைத் தடைசெய்ய ஆவன செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் பணித்தது. இல்லங்களில் உள்ள கருவிகள் ஒரு குடம் நீரைத் தர, அதனினும் மிகுதியான நீரைக் கழித்துவிடுவதே காரணம். வடிநீருக்கோ மின்செலவு மிகுதி. ஒரு லிட்டர் வடிக்க ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். நாளொன்றுக்கு 10 லிட்டர் வேண்டும் குடும்பத்திற்கு மாதம் 210 யூனிட் ஆகும்!

செய்யத்தக்கது

ஆகவே, முதலில் நம் ஊர் நீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து அதன் குறையை அறிதல் வேண்டும். கிருமி மட்டுமே குறையெனில், கொதிக்கவைத்து ஆறவைத்த நீரே போதும். புளோரைடு போன்றவை மிகுந்திருந்தால் உப்பு நீக்கிப் பருகலாம். உடன், உணவில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரிக்கென விற்கப்படும் வடிநீரை எக்காரணம் கொண்டும் பருகலாகாது. அது குடிப்பதற்கெனத் தயாரிக்கப்பட்டதன்று. வயிற்றுப்போக்கால் நீரிழந்தவர்க்கு எந்த வெறுநீரும் போதாது. உப்பும் சர்க்கரையும் அளவோடு சேர்ந்த கரைசலே உயிர்காக்கும்.

தூய நீர் என்பதும் நல்ல நீர் என்பதும் ஒன்றல்ல. நீரில் எது இருத்தல் கூடாது என்று வினவும் நாம், எது இருத்தல் வேண்டும் என்றும் வினவுதல் வேண்டும். நோயறியாது மருந்துண்பது எவ்வாறு தகாதோ, அவ்வாறே நீரின் குறையறியாது அதனை வடித்துப் பருகுவதும் தகாது.