ஏரியில் கலக்கும் வலி மருந்து: வெயில் பட்டால் என்ன ஆகும்?

முதுகு வலி, மூட்டு வலி என்றால் பல வீடுகளில் முதலில் தேடுவது டைக்ளோஃபினாக் ஜெல்லைத்தான். தடவும் ஜெல்லில் பெரும்பகுதி உடம்புக்குள் போவதில்லை. கை கழுவும்போதும் குளிக்கும்போதும் சாக்கடைக்குப் போய்விடுகிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் இதை முழுமையாக நீக்குவதில்லை. மிச்சம் ஆறு, ஏரிகளில் கலக்கிறது. அப்போ, அது அங்கேயே தங்கிவிடுமா?

ஸ்விட்சர்லாந்து ஏரி சொன்ன பதில்

சூரிச் அருகே உள்ள கிரைஃபன்சே ஏரியில் நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது. ஏரிக்குள் வந்த டைக்ளோஃபினாக்கில் 90 சதவீதத்துக்கும் மேல் ஏரியிலேயே மறைந்திருந்தது. ஏரித் தண்ணீரில் இந்த மருந்தைக் கலந்து இருட்டில் வைத்தபோது அளவு குறையவில்லை. வெயிலில் வைத்தபோது ஒரு மணி நேரத்துக்குள் பாதியானது. ஆக, முக்கியமாக வேலை செய்தது வெயில்தான்.

எப்படி உடைகிறது?

இரண்டு வழிகள். ஒன்று நேரடி வழி: டைக்ளோஃபினாக் மூலக்கூறு சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது. அந்த ஆற்றலில் அதிலுள்ள குளோரின் அணுக்கள் கழன்றுவிடும்.

இன்னொன்று மறைமுக வழி: ஒளியை உறிஞ்சாத ரசாயனங்களும் உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் மக்கிய இலைச் சத்தும் நைட்ரேட்டும் அவற்றுக்குப் பதிலாக ஒளியை வாங்கிக்கொள்கின்றன. அதில் ஹைட்ராக்சில் ரேடிக்கல் போன்ற, கண நேரமே இருக்கும் தீவிரமான துகள்கள் உருவாகி, பக்கத்தில் இருக்கும் ரசாயனத்தைத் தாக்கி உடைக்கின்றன.

ஆனால் கலங்கிய நீரிலும் ஆழத்திலும் வெளிச்சம் அதிகம் இறங்காது. அங்கே இந்த வேலை மந்தமாகிவிடும்.

உடைந்தால் பிரச்சினை முடிந்ததா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. உடைவது வேறு, இல்லாமல் போவது வேறு. கிருமிநாசினி சோப்புகளில் ஒரு காலத்தில் அதிகம் சேர்க்கப்பட்ட ட்ரைக்ளோசன் நீரில் வெயில் படும்போது, அதில் ஒரு பகுதி டையாக்சின் வகையைச் சேர்ந்த சேர்மமாக மாறுகிறது.

அமெரிக்காவில் மாடுகள் எடை போடுவதற்காகக் கொடுக்கப்படும் ட்ரென்போலோன் ஹார்மோன் கதை இன்னும் விசித்திரம். அதன் எச்சம் பகல் வெயிலில் மறைந்தது போலத் தெரிந்தது. இருட்டியதும் ஒரு பகுதி பழைய வடிவத்துக்கே திரும்பியது. 2013-ல் சயின்ஸ் இதழில் இது வெளியானது. பகலில் மட்டும் நீர் மாதிரி எடுத்துப் பரிசோதித்தால், ஆறு சுத்தமாகிவிட்டது என்றே தோன்றும்!

தண்ணீரை வெயிலில் வைத்துக் குடிக்கலாமா?

தெளிந்த தண்ணீரைப் பெட் பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் வைக்கும் முறை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது கிருமிகளை அழிக்க மட்டும்தான். ரசாயனங்களை நீக்க அதை நம்பக் கூடாது. ஈயம், ஆர்சனிக் போன்றவை தனிமங்கள் என்பதால் வெயிலால் அவற்றை உடைக்கவே முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

ஜெல் தடவிய கையை உடனே குழாயடியில் நீட்டாமல், முதலில் காகிதத்தில் துடைத்து அதைக் குப்பையில் போடலாம், பிறகு கழுவலாம். காலாவதியான மாத்திரைகளைச் சிங்க்கிலோ டாய்லெட்டிலோ கொட்டாமல் இருக்கலாம். தண்ணீருக்குள் போகாத மருந்தை வெயில் உடைக்க வேண்டிய அவசியமே இல்லையே.