தேரி மணலும் பனங்கிழங்கும்

திருச்செந்தூர் போய்விட்டுச் சாத்தான்குளம் வழியாகத் திரும்பிய கோவை வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: "குதிரைமொழித் தேரியைப் பார்த்தேன். சினிமாவில் பாலைவனம் என்று காட்டுவது இதைத்தான் போல. கணுக்கால் புதைகிற இந்த மணலில் பனையும் கொல்லாமரமும் (முந்திரி) எப்படிப் பச்சையாக நிற்கின்றன?"

தேரி எனப்படும் இந்தச் செம்மணல் மேடுகளின் மணல் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அடித்துவரும் மேல்காற்று உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக் கொண்டுவந்து கொட்டியது என்பார்கள் சிலர். பழைய கடற்கரை மணல்தான் நாளாவட்டத்தில் சிவந்தது என்பார்கள் வேறு சிலர். எப்படியானாலும் நேற்று வந்த மணல் இல்லை. சாயர்புரத்துத் தேரியில் புவியியலாளர் புரூஸ் ஃபுட் சின்னஞ்சிறு கற்கருவிகளைப் பொறுக்கியெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். தொல்லியல் ஆய்வாளர்கள் ஜாய்னரும் ஆல்சினும் அந்தக் கருவிகளைப் பற்றி 1956-இல் விரிவாக எழுதினார்கள். உலோகம் அறியாத மனிதர்கள் வேட்டையாடித் திரிந்த இடம் அது.

சிவப்பு வெறும் மேல்தோல்தான். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையோடு ஒரு சிட்டிகைத் தேரி மணலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். அமிலம் மஞ்சளாகும், அடியில் வெளிறிய மணல் தங்கும். ஒவ்வொரு மணல் துகளையும் சுற்றி இரும்பு ஆக்சைடும் கொஞ்சம் களியும் படலமாகப் படிந்திருக்கின்றன. அந்தப் படலத்தைத் தவிர சத்தைப் பிடித்துவைக்க இந்த மண்ணில் அதிகம் எதுவும் கிடையாது. யூரியாவைப் போட்டால் அடுத்த மழையோடு வேருக்குக் கீழே போய்விடும்.

தண்ணீரும் அப்படித்தானே ஓடிவிடும் என்று கேட்கலாம். ஓடுகிறது, ஆனால் பக்கவாட்டில் அல்ல, கீழ்நோக்கி. பெய்கிற மழை வழிந்தோடாமல் விழுந்த இடத்திலேயே இறங்குவதால்தான் தேரிக்குள் ஓடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இறங்கிய நீர் அடிவாரத்தில் சுனையாகக் கசிகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறதே, அது இப்படி ஒரு சுனையோரத்தில்தான். சுற்று வட்டாரத்துக் கிணறுகளுக்கும் இதுவே ஊற்று.

எனக்குப் பிடித்த விநோதம் அதற்குப் பிறகு நடப்பது. மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியதும் மேல்மணல் காய்ந்து பொடியாகிறது. காய்ந்த அந்த மணலே கீழுள்ள ஈரத்துக்கு மூடாக்கு. கார்த்திகைக்கு என் பாட்டி பழைய வேட்டியை நெருக்கமாக முறுக்கித் திரி போடுவார். தளர்ந்த திரியில் எண்ணெய் மேலே ஏறாது, சுடர் கருகிவிடும். களிமண்ணும் அப்படியொரு நெருக்கமான திரி. அதன் நுண்துளைகள் அடிநீரை மேலே இழுத்து இழுத்து வெயிலுக்குக் கொடுத்துவிடும். தேரி மணலில் துளைகள் பெரியவை. நீர் மேலே ஏற வழியில்லை. தை, மாசியில் கையால் தோண்டிப் பார்த்தால் மேலே சுடுகிற மணல். முழங்கை ஆழத்துக்குள் பெரும்பாலும் விரலில் ஒட்டுகிற ஈரம். வறண்ட நாடுகளில் களிமண்ணைவிட மணலில் மரங்கள் செழிப்பதை உலகம் முழுக்கக் கவனித்திருக்கிறார்கள். இஸ்ரேலின் சூழலியலாளர் நோய்மேயர் 1973-இல் இதற்கு விளக்கம் எழுதினார்.

ஆக, தேரியில் பிழைப்பதற்கு ஒரே நிபந்தனை: மேல்மணல் காய்வதற்குள் வேர் ஈரத்தைத் தொட்டுவிட வேண்டும். மேலாக வேர்விடும் பயிர்களுக்கு இது முடியாது. முருங்கை போடுகிறவர்கள் குளத்துக் கரம்பையை வண்டி வண்டியாக அடித்து, சொட்டுநீர் விட்டுத்தான் தேற்றுகிறார்கள். வாய்க்காலில் பாய்ச்சினால் தலைமாட்டிலேயே தண்ணீரை மணல் குடித்துவிடும்.

பனைக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அதன் விதை முளைக்கும்போது மேலே இலை வருவதில்லை. கொட்டைக்குள்ளிருந்து ஒரு குழல் புறப்பட்டு, குருத்தைத் தன் நுனியில் வைத்துக்கொண்டு நேராகக் கீழே இறங்குகிறது. கொட்டைக்குள் இருக்கும் உணவைத் தவுண் உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது. பிள்ளைகள் கொட்டையை வெட்டித் தின்கிறார்களே, அந்தத் தவுண்தான். ஈரம் இருக்கும் ஆழத்தில் மாச்சத்தைச் சேர்த்து, கிழங்காகப் பருத்த பிறகே முதல் ஓலை மேலே எட்டிப்பார்க்கிறது. பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு, மணலுக்குள் போய் ஒளிந்துகொண்ட பனங்கன்று.

இவ்வளவு தந்திரம் தெரிந்த மரத்தைச் செங்கல் சூளைக்கு விறகாக வெட்டித் தள்ளினோம். 1978-இல் மாநில மரம் என்று பெயர் சூட்டியும் கோடரி நிற்கவில்லை. வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு 2021-இல்தான் வந்தது. மண்ணையும் விட்டோமா? தேரி மணலில் இல்மனைட் என்ற டைட்டானியத் தாது இருக்கிறதென்று டைட்டானியம் ஆலைக்குத் திட்டம் போட்டார்கள். 2007-இல் எழுந்த மக்கள் எதிர்ப்பில் அது நின்றுபோனது. ஆலை நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அப்போது அந்த நிலத்தைத் தரிசு, தரிசு என்று சொன்னவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். ஒரு வட்டாரத்துக் கிணறுகளுக்கே நீர் ஊட்டும் மணல்மேட்டுக்குத் தரிசு என்றா பெயர்?

இப்போது பனைவிதை நடும் இயக்கங்கள் பெருகியிருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் கொட்டையைக் குளக்கரையில் மேலாக வீசிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கிறேன். ஒரு சாண் ஆழம் தோண்டிப் புதையுங்கள். ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். முதல் சில வருடம் ஆடுமாடு மேயாமல் காப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.