மாலைப் பொழுதும் மருந்துப் போத்தலும்

தோட்டத்துக்கு இறைத்துக் களைத்து வந்தவருக்குக் குளித்துச் சாப்பிட்டதும் நித்திரை வந்துவிடும். காணியை விட்டு வந்தவருக்கோ உடல் களைப்பதில்லை. மனம் மட்டும் களைக்கிறது. பொழுதுபடும் வேளையில் கொட்டிலுக்குள் இருக்க முடியாமல் எழுந்து நடக்கிறார். கசிப்பு விற்கும் இடத்தில் போய் நிற்கிறார். இவர்களைக் குடிகாரர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் நாம் பேசிப் பார்த்தவர்களிற் பலர் நித்திரைக்காகவும் மறதிக்காகவுமே குடிக்கத் தொடங்கியவர்கள்.

மது தரும் நித்திரை அரைகுறையானது. முன்னிரவிற் கண்ணை மூட வைத்து நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். அப்போது துக்கம் முன்னையதிலும் பாரமாயிருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, துக்கத்தில் எழும் எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையில் நிற்கும் யோசனையை மது அகற்றிவிடுவதாகும். வீட்டில் ஒரு வாய்த்தர்க்கம், கடன் கொடுத்தவரின் ஒரு சொல், கைக்கெட்டும் தூரத்தில் கிருமிநாசினி. எமது கிராமங்களில் எத்தனையோ உயிர்கள் இப்படி ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்கின்றன.

1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறக்குறைய 47 ஆக இருந்தது. அவ்வாண்டு முதல் கடும் நச்சுத்தன்மையுள்ள கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. பத்து ஆண்டுகளில் அவ்வீதம் பாதியானது. துயரம் குறைந்துவிடவில்லை, நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தோர் தொகையும் குறையவில்லை. பிழைத்தவர்கள் கூடினார்கள், அவ்வளவே. அப்படிப் பிழைத்தவர்களிற் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியில் இறப்பதில்லை.

ஆகவே மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாற் போதுமென்று பலரும் நம்பினோம். வடமத்திய மாகாணக் கிராமங்களில் வீடுகளுக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. நஞ்சருந்துதல் அதனாற் குறையவில்லை. திறப்பு வீட்டில்தானே இருக்கிறது! எனவே கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவர் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். காணிக்காரரிடமே விட்டு வாருங்கள். சொந்தமாகச் செய்பவர் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கட்டும்.

சோர்ந்திருப்பவரிடம், "சாக வேண்டும் போல் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறதே என்று அழுதவர்களை நாம் கண்டிருக்கிறோம். அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிச் செல்லலாம். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரைத் திடீரென நிறுத்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். நடுக்கமும் வலிப்பும் வரலாம். வைத்தியரின் உதவியுடன்தான் நிறுத்த வேண்டும்.

இன்னும் ஒன்று. பொலிசுக்குப் பயந்து வீட்டில் வைத்துக் கைவைத்தியம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இந்நாட்டிற் குற்றமல்ல. வாந்தி எடுக்கச் செய்து நேரத்தைப் போக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். குடித்த போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.