மூஸ் கிராமத்து உபதேசியார்

போர்ட் பிளேரில், தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள் பலவும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்துதான் புறப்படுகின்றன. 2024இல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியும் ஜெட்டியின் பெயர் மாறவில்லை. இங்கிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டரில் கார் நிக்கோபார். பழங்குடியினர் பகுதி என்பதால் வெளியாட்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் கரையிறங்க முடியாது. 2011 கணக்கெடுப்பில், நிக்கோபார் மாவட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் கிறிஸ்தவர்கள். அதற்கு வித்திட்டவர் ஒரு தமிழர்.

ஐரோப்பியர்கள் முயலாமல் இல்லை. 1768இல் தரங்கம்பாடியிலிருந்து மொராவியன் சபை மிஷனரிகள் நிக்கோபார் தீவுகளில் ஒன்றான நான்கவுரிக்குப் போனார்கள். காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்து, 1787இல் மூட்டை கட்டினார்கள்.

அந்தத் தமிழர், வேதப்பன் சாலமோன், 1896இல் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு வந்தார். அரசாங்க ஏஜென்ட், உபதேசியார், பள்ளி ஆசிரியர் எல்லாம் அவர் ஒருவரே. நாட்குறிப்பும் எழுதினார், 1901 மக்கள்தொகை அறிக்கை அதிலிருந்து எடுத்தாண்டிருக்கிறது. பேயின் கையாள் என்று சந்தேகிக்கப்பட்டவரை ஊரே கூடிக் கொன்றுவிடும் வழக்கம் அந்தத் தீவில் அன்று இருந்தது. அதையும் எழுதினார். அப்படிப்பட்ட ஊரில் குடும்பத்தோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்.

அவரிடம் படித்த சிறுவன் ஹாசெவ்கா. ஜான் ரிச்சர்ட்சன் என்று ஞானஸ்நானம் பெற்று, மேல்படிப்புக்கு பர்மாவிலுள்ள மாண்டலேக்குக் கப்பலேறினான். அவன் திரும்பாமல் போயிருந்தால் ஊராருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உபதேசியார்தான். விவிலியத்தில் பர்னபாவுக்கும் இதே நிலைதான். சபையைத் துன்புறுத்திய சவுல் மனம்மாறி வந்தபோது எருசலேமில் எல்லோரும் பயந்து ஒதுங்கினார்கள். பர்னபா அவரைக் கையோடு அழைத்துப்போய் அப்போஸ்தலர் முன் நிறுத்தினார். ஒருவரைத் தேற்ற நல்ல வார்த்தை போதும் என்று நாம் நினைக்கிறோம். அவருக்காகத் தன் பெயரைப் பணயம் வைப்பதுதான் கடினம்.

ரிச்சர்ட்சன் 1912இல் ஊர் திரும்பினார். பள்ளி நடத்தினார், 1930களில் குருப்பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரில், 1942இல், ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். போரின் கடைசி மாதங்களில் நேசநாடுகளின் குண்டுவீச்சு கடுமையானதும், உளவாளிகள் என்று சந்தேகித்துத் தீவு மக்களைச் சித்திரவதை செய்தார்கள், கொன்றார்கள். ரிச்சர்ட்சனின் மகனும் அதில் போனார். 1946இல் சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் இந்தக் கொலைகள் வழக்காயின. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், உறவுகளைப் பறிகொடுத்த கிராமங்களுக்கு மறுபடி மேய்ப்பராக நின்றார். அவரை அந்தத் தீவு நம்பியதற்குப் பிரசங்கத்தைவிட இது பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1950இல் பேராயரானார். 1952இல் முதல் மக்களவைக்கு, அந்தமான் நிக்கோபாரின் நியமன உறுப்பினராக டெல்லி போனார். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண். 1978இல் காலமானார். கார் நிக்கோபாரில் இன்று அரசு ஆஸ்பத்திரியே அவர் பெயரில்தான் இயங்குகிறது.