அவையறிதலும் மேடை தேடலும்

மேடைப்பேச்சு சிலருக்கு மட்டும் வாய்க்கும் பிறவிக்கொடை என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், தமிழ் மரபு அதைப் பயின்று பெறும் ஆற்றலாகவே கருதி வந்துள்ளது. திருக்குறளின் பொருட்பாலில் அவையறிதல், அதாவது கேட்போர் யார், அவர்கள் எவ்வளவு அறிந்தவர்கள், எதை எதிர்பார்த்து வந்திருக்கிறார்கள் என்று உணர்தல், 72ஆம் அதிகாரமாகவும், மேடை அச்சம் நீங்குதலைச் சொல்லும் அவையஞ்சாமை அதற்கு அடுத்த அதிகாரமாகவும் அமைந்துள்ளன. இவ்வரிசை பொருள் பொதிந்தது. ஏனெனில், கேட்போரை அறியாமல் தயாரித்த உரையே பேசுவோரைப் பெரும்பாலும் நடுங்கச் செய்கிறது.

புராணச் செய்யுளைப் படித்து அதற்குப் பொருள் விரிக்கும் வழக்கமே மேலோங்கியிருந்த காலத்தில், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு தொடர்ச்சியான உரைநடையில் பேசும் முறையைக் கிறித்தவப் பாதிரிமாரின் பிரசங்கங்களிலிருந்து கற்றறிந்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். கொல்லாமை, கள்ளுண்ணாமை போன்ற பொருள்களில் வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. யாரேனும் அழைப்பார்கள் என்று காத்திராமல், மக்கள் ஏற்கெனவே கூடும் இடத்தையும் நாளையும் தேர்ந்துகொண்டதில்தான் அவருடைய நுட்பம் இருந்தது. பேச இடம் தேடுவோர் இன்றும் பின்பற்றத்தக்க வழி அது.

உரையைத் தயாரிப்பவர், கேட்டவர்கள் வீடு திரும்பும்போது எந்த ஒரு கருத்து அவர்கள் நினைவில் நிற்க வேண்டும் என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதி, அதற்குத் துணை நில்லாத செய்திகளை, அவை எவ்வளவு சுவையானவையாயினும், நீக்கிவிட வேண்டும். உரை முழுவதையும் மனப்பாடம் செய்வது பள்ளிப் பேச்சுப் போட்டிகள் ஊட்டிய பழக்கம். ஒரு சொல் மறந்தால் மொத்த உரையும் அறுந்துபோகும் ஆபத்து அதில் உண்டு. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சொல்லுக்குச் சொல் உறுதி செய்துகொண்டு, இடைப்பகுதிக்குச் சிறுகுறிப்பு வைத்துக்கொள்வதே மேல். கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் பேசிப் பார்ப்பதும் இன்றியமையாதது. மேடையிலுள்ள அனைவரையும் அடைமொழியோடு விளிப்பதிலேயே பாதி நேரத்தைக் கரைப்பது நம் மேடைகளின் தீராத நோய்.

இத்தகைய பயிற்சியை ஒழுங்குமுறையாக்கிய அமைப்பு, 1924இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சாண்டா அனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் ஆகும். அதன் கூட்டங்களில் தயாரித்த உரைக்குப் பொதுவாக 5 முதல் 7 நிமிடமும், அங்கேயே தரப்படும் தலைப்பில் உடனடியாகப் பேச 1 முதல் 2 நிமிடமும் வழங்கப்படுகின்றன. பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் நேரத்தை உணர்த்துகின்றன. தயாரித்த உரையின் நிறைகுறைகளை மதிப்பீட்டாளர் ஒருவர் எடுத்துரைக்கிறார். கைதட்டலோடு முடிந்துவிடும் பெரிய மேடையில் கிடைக்காத பயன் இந்த மதிப்பீடுதான். தமிழில் கூடும் இத்தகைய மன்றங்களும் உண்டு.

எனினும், கட்டணமும் உறுப்பினர் அட்டையும் இல்லாமலே பேச இடங்கள் பல உள்ளன. நூலக வாசகர் வட்டத்தில் ஒரு நூலை அறிமுகம் செய்யலாம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வரவேற்புரையைக் கேட்டுப் பெறலாம். நன்றியுரையைவிட வரவேற்புரை புதியவருக்கு ஏற்றது, நன்றியுரையின்போது பாதிப்பேர் எழுந்துவிடுகிறார்கள் என்பதால். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கூடும் கிராம சபையோ இன்னும் பயனுள்ள களம். குடிநீர், தெருவிளக்கு, சாலை என்று பேசவேண்டிய பொருளை ஊரே கொடுத்துவிடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினர். அங்கு எழுந்து பேச வேறு எவருடைய அழைப்பும் வேண்டியதில்லை.