செம்பரம்பாக்கம் நிரம்ப இன்னும் எத்தனை மணி நேரம்?

வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சதும் தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் எல்லார் வாட்ஸப்பிலும் ஒரு அட்டவணை சுத்தும். செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம். நானும் பார்ப்பேன். எனக்கு வேண்டிய ஒரு விஷயம் அதில் இல்லை என்பது ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைத்தது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இருப்பு 3,200 என்று வையுங்கள். 88 சதவீதம்தானே என்று தோன்றும். மிச்ச இடம் 445. வரத்து விநாடிக்கு 1,000 கன அடி என்றால், தண்ணீர் திறக்காமலே நிரம்ப ஐந்து நாள் ஆகும். வரத்து 10,000 ஆனால் பன்னிரண்டு மணி நேரம் சொச்சம். 29,000 ஆனால் நாலு மணி நேரம் சொச்சம். மூன்று நிலையிலும் அட்டவணையில் அதே 88 சதவீதம்தான்!

29,000 கற்பனை இல்லை. 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, ஏரியிலிருந்து அந்த அளவுவரை திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது.

அட்டவணையில் எண்கள் சரிதான். ஆனா வகுத்தல் கணக்கு பார்ப்பவர் தலையில் விழுகிறது, அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு. 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு விளக்கு அணைந்ததும் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். மூடச் சொல்லி சிக்னல் போனதைத்தான் அந்த விளக்கு காட்டியது. வால்வு திறந்தே கிடந்தது. அளக்கச் சுலபமானதைக் காட்டிவிட்டு, தெரிய வேண்டியதை ஊகத்துக்கு விடுவது இரண்டிலும் பொது.

கிம் விசென்டேயும் யென்ஸ் ராஸ்முசனும் 1992இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: எண்களுக்கு இடையிலான உறவும் எல்லையும் கண்ணுக்கே தெரியணும்.

அதுவரை நாமே போட்டுக்கலாம். மிச்ச இடத்தை 278ஆல் பெருக்கி, வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால், மணிக்கணக்கு கிடைக்கும். மழை வலுத்தால் வரத்து ஏறும். விளிம்புவரை நிரம்பும் முன்பே திறப்பார்கள். அதனால் கிடைத்த விடையை அதிகபட்சமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.